கார்த் கொட்டகையை யார் எரித்தது?

ஆர்க்னியில் இருக்கும் அந்தச் சின்னத் தீவில் ஆளுக்குப் பெயர் வைப்பது பாதிரியார் இல்லை, வீடு. ஞானஸ்நானப் பதிவில் எர்லெண்ட் ஸ்கோலே என்று இருக்கலாம். கப்பல்துறையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால், "யாரு, வெளியூர் ஆளா?" என்பார்கள். பிரெக் என்ற பண்ணையில் குடியிருப்பதால் அவர் பெயர் பிரெக், அவ்வளவுதான். நாளைக்கே வேறு பண்ணைக்குக் குடிபோனால் கட்டில் வரும், கோழி வரும், பெயர் மட்டும் வராது. அது வாசலிலேயே உட்கார்ந்திருந்து அடுத்து வருகிறவன் தோளில் ஏறிக்கொள்ளும். சொந்தப் பெயர் மறுபடி கிடைப்பது கல்லறைக் கல்லில்தான். அப்போது அதைப் படிக்க வசதி இருக்காது.

எர்லெண்டுக்குக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் மாடு, கப்பல் வரும் நாளில் துறையில் ஒரு வேலை. ஏற்றுமதியாகும் மாடுகளின் வயிற்றுக்கடியில் பட்டை கட்டிக் கொக்கியில் மாட்டுவது அவர் பொறுப்பு. கப்பலின் கிரேன் தூக்கும்போது மாடு நாலு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்க்கும். யார் தூக்குகிறார்கள், எங்கே போகிறோம், ஒன்றும் புரியாது. ஆனால் சத்தம் போட்டால் மரியாதை இல்லை என்று பேசாமல் இருக்கும். எர்லெண்டின் முகம் சாதாரண நாளிலேயே அப்படித்தான். ஐம்பத்திரண்டு வயது வரை ஆகாயத்தில் தொங்கிக்கொண்டே இருந்த மனிதர்.

அவர் சாகா படிக்க ஆரம்பித்ததே ஒரு குளறுபடியில்தான். கிர்க்வால் நகர நூலகம் தீவு வீடுகளுக்குப் பெட்டியில் புத்தகம் அனுப்பும். அவர் எப்போதும் கேட்டது கௌபாய் கதை. ஒரு குளிர்காலம், பெட்டியைத் திறந்தால் கௌபாய் இல்லை. நார்ஸ்காரர்களின் பழங்கதை ஒன்று, அதாவது சாகா, ஆங்கிலத்தில். புயலில் கப்பல் இரண்டு வாரம் வரவில்லை. வேறு வழியில்லாமல் படித்தார். ஒருவன் குதிரையில் வருகிறான், ஒரு சொல் சொல்கிறான், இன்னொருவன் அதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் கழித்து வெட்டுகிறான். துப்பாக்கிக்குப் பதில் கோடாலி. மற்றபடி எல்லாம் ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. பாதி தாண்டியபிறகுதான் கதையில் வருகிற கடலும் துறைமுகமும் தன் ஜன்னலுக்கு வெளியே இருப்பவை என்று தெரிந்தது. அன்றோடு கௌபாய்கள் ஒழிந்தார்கள்.

அதற்கப்புறம் சேகரிப்பு. பண்ணை ஏலங்களில் கடைசியாக வரும் சாமான் பெட்டிகளில்தான் புத்தகம் இருக்கும், மேலே கோழிக்கம்பி, துருப்பிடித்த ரம்பம், உடைந்த கெட்டில் எல்லாம் கிடக்கும். ஒரு சாகாவுக்காகப் பெட்டி முழுவதையும் எடுத்துவருவார். வீட்டுக்குப் பின்னால் கெட்டில்கள் மலைபோலக் குவிந்தன. புத்தகங்கள் பழைய ஓட்ஸ் மாவுப் பெட்டிக்குள் போயின. எந்த வீரனைத் திறந்தாலும் கஞ்சி வாசனை அடித்தது.

ஒரே கதைக்கு மூன்று மொழிபெயர்ப்பு வைத்திருந்தார். மனைவி மைஸி கேட்டாள்: "ஒரே கதைதான மனுஷா? எதுக்கு மூணு?"

"எழுதினவங்க வேற வேற ஆளு."

"செத்தவன் மூணுலயும் சாகத்தான செய்யறான்?"

"ஆமா. ஆனா ஒண்ணுல நல்லா பேசிட்டுச் சாகறான்."

தீவில் குடியேறிய நார்ஸ்காரர்களான தன் முப்பாட்டன்கள் பேசிய மொழியை லண்டன்காரன் படித்துவிட்டுத் தனக்கே திருப்பி விற்கிறானே என்ற குறை அவருக்கு உண்டு. ஆனாலும் வாங்கினார். பெரிய தொல்லை பெயர்கள்தான். ஒரு பக்கத்தில் நாலு தோர்ஸ்டைன். இரண்டு பேர் அண்ணன் தம்பி, ஒருவன் மாமனார், ஒருவன் எதிரி. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். துணி கிளிப்பில் பென்சிலால் பெயர் எழுதி மேஜை ஓரத்தில் வரிசையாக மாட்டுவார். செத்தால் எடுத்து வாளியில் போடுவார். மைஸி துணி காயப்போடப் போகும்போது கிளிப் பாதிதான் இருக்கும். "மத்ததெல்லாம் போர்ல போயிடுச்சா?" என்று அங்கிருந்தே கத்துவாள். ஒருமுறை எர்லெண்டின் உள்ளாடையைக் கொடியில் பிடித்துக்கொண்டிருந்தது நார்வே அரசர்.

அந்த வசந்தத்தில் இறந்துபோன பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டு ஏலத்தில் மெல்லிய நீலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. சின்னச் சின்னக் கதைகள். கடைசிக் கதையில் அவர்களுடைய தீவின் பெயரே இருந்தது. பிரெக்கின் கிரிம் என்று ஒருவன், பக்கத்துப் பண்ணையான கார்த்தின் ஊல்ஃப் என்று ஒருவன். கரையில் ஒதுங்கிய திமிங்கலம் யாருடையது என்று சண்டை. சமாதானத்துக்காக இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கல்யாணம். விருந்து கார்த் கொட்டகையில். குடித்த பிறகு கார்த்துக்காரன் ஒருவன் திமிங்கலத்தைப் பற்றி ஒரு நக்கல் விட்டான். கிரிம் பேசாமல் எழுந்து வெளியே போனான், கதவை மூடினான், வைக்கோலைக் குவித்துத் தீ வைத்தான். பெண்களை வெளியே விட்டான். ஆண்களை விடவில்லை. கதையின் கடைசி வரி: இதற்கு எந்த ஈடும் கொடுக்கப்படவில்லை, சமாதானமும் ஆகவில்லை.

எர்லெண்ட் புத்தகத்தை மூடினார். மறுபடி திறந்தார். பிரெக். அவருடைய பெயர்.

சாகா படிக்கிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். கொலைக்கு ஈடு கொடுத்து, சாட்சிகள் முன்னால் கை குலுக்கினால்தான் கணக்கு தீரும். தீராதது எத்தனை தலைமுறையானாலும் திறந்தே கிடக்கும். இவர் அதை யோசித்துக்கொண்டிருந்த அதே வாரம்தான் மகள் தோரா கிர்க்வாலிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அப்பா, நானும் கார்த் ஆலனும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

"கார்த்தா?" என்றார் எர்லெண்ட்.

"வேற எந்த ஆலன்? தீவுல இருக்கறதே ரெண்டு. இன்னொருத்தருக்குப் பல்லு இல்ல."

"விருந்து எங்க?"

"அவங்க புதுக் கொட்டகையில. ஜூன் மாசம்."

எர்லெண்டின் கால்கள் தரையிலிருந்து கிளம்பின மாதிரி இருந்தது. "பள்ளிக்கூடத்துல வெச்சுக்கலாமே."

"பள்ளிக்கூடத்துல நாம நின்னா பேண்டு வாசிக்கறவன் ஜன்னல்ல தொங்கணும்."

"கொட்டகையில காத்து வரும்."

"ஆர்க்னியில காத்து வராத இடம் ஒண்ணு காட்டு, நானே அங்க குடிபோறேன்."

மைஸி நடுவில் புகுந்தாள். "என்ன உனக்கு? பையன் தங்கம். குடிச்சாக்கூட மாட்டுக்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் படுக்கறவன்."

எர்லெண்ட் வாயைத் திறந்தார். என்ன சொல்வது? நாம் அவர்களை எரித்துவிட்டோம் மகளே, எண்ணூறு வருஷம் ஆகிறது, இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்றா? டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு சொல்லும் விஷயமா இது? வாயை மூடிக்கொண்டார். தோரா அதைப் பார்த்தாள். அவளுக்கு வேறு அர்த்தம் தோன்றியது.

மே மாதம் முழுவதும் அவர் கார்த் பக்கம் போகவில்லை. ஆலன் வந்தால் மாட்டுக்கொட்டிலுக்குப் போய் ஒளிந்தார். அவனைப் பார்த்தால் எரிந்துபோன ஒரு வம்சமே வந்து சிரிப்பது போலிருந்தது. கடைசியில் தோரா கொட்டிலுக்கே வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"உனக்கு ஆலனைப் பிடிக்கல. நேரா சொல்லிடு."

"அதெல்லாம் இல்லம்மா. சர்ச்சுக்கு வர்றேன்."

"சர்ச்சுக்கு யாரு வேணா வருவாங்க. அந்தக் கொட்டகைக்குள்ள வந்து மொத ஆட்டம் என்கூட ஆடணும். வரலன்னா உன் மனசுல என்ன இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் நான் பிரெக் வாசப்படி மிதிக்கமாட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. எர்லெண்ட் மாட்டைப் பார்த்தார், மாடு அவரைப் பார்த்தது. இரண்டுக்கும் ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை நீலப் புத்தகத்தை உள்சட்டைக்குள் செருகி, நாலைந்து கிளிப்பைப் பையில் போட்டுக்கொண்டு கார்த்துக்கு நடந்தார். ஆலனின் அப்பா ஜேக் டிரெவர் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். அவர் படிப்பது மாட்டுச் சந்தை விலை மட்டும்தான், அதையும் கண்ணாடி போடாமல்.

"வா பிரெக். அந்தக் கிடா விஷயமா?"

"கிடா இல்ல."

"அப்ப வேலி. வேலி நான் சரிபண்றேன்னு சொல்லியாச்சு."

"வேலியும் இல்ல கார்த். எரிச்ச விஷயம்."

ஜேக் வெளியே ஊர்ந்து வந்தார். "எதை எரிச்ச?"

"உன் வீட்டுக் கொட்டகையை."

ஜேக் எழுந்து கொட்டகையைப் பார்த்தார். புதுத் தகரம் வெயிலில் பளபளத்தது. "எப்ப?"

"எண்ணூறு வருஷம் இருக்கும். முன்னப்பின்ன."

ஜேக் பைப்பை எடுத்து நிதானமாகப் பற்ற வைத்தார். "இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்கமாட்டான்" என்றார்.

எர்லெண்ட் டிராக்டர் மட்கார்டில் கிளிப்புகளை மாட்டினார். இது கிரிம், இது ஊல்ஃப், இது மாப்பிள்ளை, இந்த உடைந்தது திமிங்கலம். கதை முழுவதும் சொன்னார். கடைசியில் தொப்பியைக் கழற்றினார். "பிரெக் சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். கை குடுத்தியானா நான் கொட்டகைக்குள்ள தலைநிமிந்து வருவேன்."

ஜேக் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். கையை நீட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"இரு. உங்க தாத்தா எங்கேர்ந்து பிரெக்குக்கு வந்தார்?"

"கார்த்துலேர்ந்து" என்றார் எர்லெண்ட். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று காதில் விழுந்தது.

"எங்க தாத்தா?"

"பிரெக்குலேர்ந்து."

அந்தக் காலத்தில் நிலச்சொந்தக்காரன் குத்தகைக்காரர்களைச் சதுரங்கக் காய் மாதிரி நகர்த்துவான். இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில் மாற்றிக் குடிவைத்தான். நடுவழியில் இரண்டு வண்டியும் சந்தித்து, தாத்தாக்கள் புகையிலை மாற்றிக்கொண்டதுகூட ஊருக்குத் தெரியும். தெரிந்து என்ன? வீட்டின் பெயரை ஆளுக்கு மாட்டிவிட்டால் ஆள் எங்கிருந்து வந்தான் என்று யார் யோசிக்கிறார்கள்.

"அப்ப எரிஞ்சது நான்" என்றார் எர்லெண்ட் மெதுவாக.

ஜேக்கின் முகம் மாறியது. "அப்ப எரிச்சது நானா?"

"நான் அப்படிச் சொல்லல."

"என் வாசல்ல நின்னுக்கிட்டு என் தாத்தனைக் கொள்ளிவெச்சவன்னு சொல்றியே."

"கார்த், நான் மன்னிப்பு கேக்கத்தான வந்தேன்."

"இப்ப என்னை மன்னிக்க வந்த ஆளா ஆயிட்டியே. யாரு கேட்டா உன் மன்னிப்பை? புத்தகத்தைக் குடு."

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஜேக் உள்ளே போய்விட்டார். கிரிம்மும் ஊல்ஃபும் மட்கார்டிலேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எர்லெண்ட் வீட்டுக்கு நடந்தார். குற்றவாளியாகக் கிளம்பியவர் பாதிக்கப்பட்டவராகத் திரும்பினார். இரண்டில் எதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் பாதி சிரித்து வைத்தார்.

சில நாளில் ஜேக் பிரெக்குக்கு வந்தார். தூங்கிய முகமாக இல்லை. நீலப் புத்தகத்தை மேஜையில் அறைந்தார்.

"ரெண்டு தடவை படிச்சேன். கிரிம் பக்கம் நியாயம் இருக்கு. திமிங்கலம் அவன் கரையில ஒதுங்கிச்சு."

எர்லெண்டுக்கு என்ன வந்ததோ தெரியாது. ஒரு மாதமாகக் கிரிம்முக்காக வெட்கப்பட்டுச் சோறு இறங்காமல் இருந்தவர், எழுந்து நின்றார். "வால் கார்த் பக்கம்தான கெடந்துச்சு?"

"தலை எங்க இருக்கோ அங்கதான் திமிங்கலம்."

"வாலை வெச்சுதான் நீஞ்சி வந்துச்சு. கல்யாண வீட்டுக்குள்ள ஆளுங்களை வெச்சு எரிக்கறவனுக்கு நியாயம் பேச வந்துட்ட."

"நக்கல் பண்ணினது யாரு மொதல்ல? உங்காளு. இந்த மாதிரி நெனப்போட நீ என் கொட்டகைக்குள்ள கால் வெக்கவேண்டாம் பிரெக்."

"கூப்பிட்டாலும் வரமாட்டேன் கார்த்."

கதவருகில் தோராவும் ஆலனும் நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. திமிங்கலத்தின் வால் வரைக்கும் கேட்டிருந்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

"இதுதானா?" என்றாள் தோரா. "ஒரு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனது இதுக்கா? நான் உனக்கு ஆலனைப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

"ஆலனையா?" எர்லெண்ட் நிஜமாகவே குழம்பினார். "அவனைப் பிடிக்கலன்னு யாரு சொன்னா? பிடிச்சதாலதான..." மேஜையில் இருந்த ஒரு தோர்ஸ்டைனை எடுத்து அமுக்கி அமுக்கித் திறந்தார்.

ஆலன் கேட்டான்: "மாமா, அந்தத் தாத்தாங்களுக்கு முன்னாடி யாரு எங்க இருந்தாங்க? இன்னொரு தடவை மாறியிருந்தா?"

பெரியவர்கள் இரண்டு பேரும் அவனை ஒரே பார்வை பார்த்தார்கள். அந்தக் கணக்கு புத்தகத்திலும் இல்லை. இருந்தாலும் இப்போது விட்டுக்கொடுக்கிற நிலையில் யாரும் இல்லை.

தோரா மேலே பேசவிடவில்லை. "கொட்டகை எரியும்னு இவருக்குக் கவலை, எரிச்சவன்னு பேரு வந்திடும்னு அவருக்குக் கவலை. சரி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு வாளி தண்ணியோட வாசல்ல காவல் நில்லுங்க. ஆனா மொத ஆட்டத்துக்கு நான் கூப்பிடும்போது அப்பா உள்ள வரணும். நான் சொன்னது சொன்னதுதான்."

மைஸி வாளியைத் தேடிப்போனாள். இதுவரை செத்தவர்கள் அதில்தான் கிடந்தார்கள்.

கல்யாணத்தன்று காற்று மேற்கே திரும்பி மழையில்லாமல் இருந்தது. சர்ச் முடிந்தது, ஊர்வலம் முடிந்தது, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் முடிந்தன. ஜூன் மாதத்துச் சூரியன் சாயங்காலமாகியும் போக மனமில்லாமல் கடல்மேல் உட்கார்ந்திருந்தது. கொட்டகை வாசலில் கோட்டுப் போட்ட இரண்டு சம்பந்திகள், கையில் ஆளுக்கொரு வாளி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான் ஒருவன்.

"உள்ள குடிக்கறதுல கலக்க வெச்சிருக்காங்கடா" என்றான் பின்னால் வந்தவன்.

கைப்பிடி வைத்த மரத்தொட்டியில் சுடச்சுட பீரும் ரம்மும் சர்க்கரையும் கலந்த கல்யாணப் பானம் கைமாறிக் கைமாறி வாசலுக்கு வந்தது. எர்லெண்ட் ஒரு மடக்கு குடித்துவிட்டு ஜேக்கிடம் நீட்டினார். ஜேக் வாங்கினார், குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் திமிங்கலம் என்ன வகைன்னு புத்தகத்துல போடல" என்றார் கடலைப் பார்த்து.

"போடல" என்றார் எர்லெண்டும் கடலைப் பார்த்து.

உள்ளே அக்கார்டியன் ஒருமுறை மூச்சிழுத்தது, பிடில் சேர்ந்துகொண்டது. தோரா வாசலுக்கு வந்தாள். "அப்பா" என்றாள்.

எர்லெண்ட் அசையவில்லை. அவருக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. உள்ளே போனால் கார்த் ரத்தமான அவர் கொட்டகைக்குள், பிரெக் ரத்தமான ஜேக் கதவுக்கு வெளியே. புத்தகத்தில் இருப்பது போலவே. ஜேக்குக்கும் அது உறைத்திருந்தது. இரண்டு தடவை படித்த ஆளாயிற்றே. காது நுனிவரை சிவந்து நின்றார்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று எர்லெண்டுக்குத் தெரியும். தெரிந்தும் கால் வரவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் மறுபடி கூப்பிடப் போவதில்லை.

அவர் வாளியை ஜேக்கிடம் நீட்டினார். "இதையும் பிடி சம்பந்தி."

ஜேக் வாங்கிக்கொண்டார். இரண்டு கையிலும் இரண்டு வாளி. கொஞ்சம் தண்ணீர் புது ஷூவில் சிந்தியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி சொன்னார்: "என் கோட்டுப் பையில தீப்பெட்டி இருக்கு. எடுத்துக்கிட்டுப் போ. ஒரு நிம்மதிக்கு."

எர்லெண்ட் அந்தப் பையைப் பார்த்தார். கை பாதி தூரம் போயிற்று. பிறகு அந்தக் கையால் ஜேக்கின் கோட்டுக் காலரை மட்டும் இழுத்துச் சரிசெய்தார்.

"இருக்கட்டும். பைப்புக்கு வேணுமே உனக்கு."

"கை ரெண்டும் வாளியில இருக்கு. எப்படிப் பத்த வெப்பேன்?"

"ஆட்டம் முடிஞ்சு வந்து நான் பத்த வெக்கறேன்."

உள்ளே போனார். கொட்டகை முழுவதும் வைக்கோல் வாசனையும் ரம் வாசனையும். தோரா அவர் கையைப் பிடித்தபோது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. வரிசை அமைந்தது. எர்லெண்டுக்கு ஆட்டம் எப்போதுமே வராது. வலது பக்கம் சுற்ற வேண்டிய இடத்தில் இடது பக்கம் சுற்றினார். மைஸியைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆலனைப் பிடித்தார். ஆலன் சிரித்துக்கொண்டே அவரை ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த ஆளிடம் தள்ளினான். அந்த ஆள் எந்த வீடு, யார் பக்கம் என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் இன்னொரு கை வந்துவிட்டது.